அட்டவணைக்குள் உடைந்து கிடக்கும் இணைப்புகள்: தானாக உருவாகும் மென்பொருள் ஆவணங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தியில் ஒழுங்காக வேலைசெய்யும் ஒரு இணைப்பை அப்படியே வெட்டி அட்டவணைக் கட்டத்துக்குள் ஒட்டுங்கள். சில நேரம் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். சில நேரம் சதுர அடைப்புக்குறியும் பின்சாய்கோடுமாகப் பச்சையாகத் தெரியும். சில நேரம் சுவடே இல்லாமல் காணாமல் போகும். பத்தியில் இணைப்பின் இலக்கணம் மட்டும்தான் ஆட்சி செய்கிறது. கட்டத்துக்குள் அட்டவணையின் இலக்கணம் முதலில் வெட்டிப்போட்ட பிறகுதான் இணைப்பின் முறை வருகிறது. வெட்டும்போதே துண்டாகிப்போனதை யாராலும் ஒட்டவைக்க முடியாது.

டாக்ஸிஜென், ஸ்ஃபிங்க்ஸ், எம்கேடாக்ஸ், ஜாவாடாக் என்று ஆவணப் பக்கங்களைத் தானாக உருவாக்கும் எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். அதற்கு முன் ஒரு கண்டிப்பு: உருவான எச்டிஎம்எல் கோப்பைத் திறந்து கையால் திருத்தாதீர்கள். வெளியீடு நாளை, தொலைபேசி இன்றே அடிக்கிறது என்றாலும் வேண்டாம். அடுத்த பில்ட், அதாவது பக்கங்களை மறுபடி உருவாக்கும் ஓட்டம், உங்கள் திருத்தத்தைத் தின்றுவிடும், அப்புறம் ஏன் மறுபடி உடைந்தது என்று யாருக்கும் புரியாது.

படி 1: சுத்தமான பில்ட், முழு லாக்

முதலில் பழைய பில்ட் கோப்புறையை முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்ஃபிங்க்ஸ் மாறிய கோப்புகளை மட்டுமே திரும்பப் படிக்கும்; அதனால் முதல் ஓட்டத்தில் வந்த எச்சரிக்கைகள் இரண்டாவது ஓட்டத்தில் வராமலே போகலாம். "இப்போது சரியாகிவிட்டது" என்று பலர் நம்புவது இங்கேதான். கோப்புறையை அழிக்க விருப்பமில்லை என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ' (-E), சின்ன எழுத்து 'ஏ' (-a) என்ற இரண்டு கொடிகளையும், அதாவது கட்டளையோடு தரும் தெரிவுகளையும், சேர்த்துக் கொடுங்கள்: ஒன்று சேமித்துவைத்த நிலையைத் தூக்கிப் போடும், மற்றொன்று எல்லாப் பக்கங்களையும் மறுபடி எழுதவைக்கும்.

அடுத்து, கருவியின் வாயைத் திறந்துவிட வேண்டும். பல கருவிகள் இயல்பில் மௌனிகள். இல்லாத லேபிளை (ஒரு இடத்துக்கு நாம் வைக்கும் பெயரை) ':ரெஃப்:' என்று கூப்பிட்டால் ஸ்ஃபிங்க்ஸ் புலம்பும். ஆனால் இல்லாத பைத்தான் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஒன்றும் சொல்லாமல் வெறும் எழுத்தாக அச்சிட்டுவிடும். சின்ன எழுத்து 'என்' கொடியை, அதாவது நிட்பிக் முறையை, போட்டால்தான் அதையும் சொல்லும். டாக்ஸிஜெனில் '\ரெஃப்' என்று வெளிப்படையாகக் கேட்ட இணைப்பு கிடைக்கவில்லை என்றால் எச்சரிக்கை வரும். ஆனால் கிளாஸ் பெயரை அப்படியே எழுதிவிட்டுத் தானாக இணையும் என்று காத்திருந்தால் வராது; நீங்கள் இணைப்பைத்தான் நினைத்தீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? எம்கேடாக்ஸில் ஆங்கர் (பக்கத்துக்குள் ஒரு இடத்தைச் சுட்டும் பெயர்) சரிபார்ப்பு 1.6 பதிப்பில் வந்தது, இயல்பில் அது வெறும் தகவல் அளவில்தான் இருக்கும். அமைப்புக் கோப்பின் வேலிடேஷன் பகுதியில் அதை எச்சரிக்கை அளவுக்கு உயர்த்திவிடுங்கள். ஜாவாவில் விளக்கக் குறிப்புகளின் பிழைகளைத் தேடும் டாக்லின்ட் சோதனை, ஜேடிகே (ஜாவா நிரலாக்கத் தொகுப்பு) 8 முதல் கூடவே வருகிறது. "சத்தம் அதிகம்" என்று யாராவது அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பில்ட் கோப்பில் ஒரு தடவை பாருங்கள்.

லாக்கை, அதாவது கருவி ஓடும்போது அச்சிடும் செய்திகளை, ஒரு கோப்பில் பிடித்து, கிடைக்காத பெயரை வைத்து வரிசைப்படுத்துங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் வந்தாலும் மிரளவேண்டாம். பெயர் மாறிப்போன ஒரே ஒரு கிளாஸ், அது வரும் ஒவ்வொரு அட்டவணையிலும் ஒரு வரியைக் கக்கியிருக்கும்.

படி 2: கட்டத்தின் எச்டிஎம்எல்லைப் பாருங்கள்

உலாவியில் அந்தக் கட்டத்தின் மேல் வலச்சொடுக்கி ஆய்வுப் பலகத்தைத் திறங்கள். அங்கே தெரிவதை வைத்து நோயை நான்காகப் பிரிக்கலாம்.

குறியீடுகள் பச்சையாகத் தெரிகின்றன என்றால் இணைப்பின் இலக்கணம் அந்தக் கட்டத்தில் ஓடவே இல்லை, அல்லது பாதியில் வெட்டுப்பட்டது. படி 3-க்குப் போங்கள். கட்டமே காலியாக இருந்தாலும், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்திருந்தாலும் அதே படிதான்.

எழுத்து சுத்தமாக இருக்கிறது, கோட் எழுத்துருவில்கூட வந்திருக்கிறது, ஆனால் சொடுக்க முடியவில்லை என்றால் கருவி உங்களைப் புரிந்துகொண்டது, ஆளைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. அது படி 4.

சொடுக்க முடிகிறது, 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வருகிறது, அல்லது பக்கம் திறந்து உச்சியிலேயே நின்றுவிடுகிறது என்றால் முகவரிச் சிக்கல், படி 5. இதில் பக்கத்தின் உச்சியில் நிற்பது ரொம்பவே ஏமாற்றும். முகவரியில் '#' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அதனால் ஆங்கர் இல்லாவிட்டாலும் பிழை எண் வராது, சர்வர் லாக்கில் தடயமும் இருக்காது.

நான்காவது, இணைப்பு வேலைசெய்கிறது, ஆனால் வேறு பொருளுக்குப் போகிறது. எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். இதற்கும் படி 4 தான்.

படி 3: அட்டவணையின் வெட்டுக்கத்தி

மார்க்டவுன் என்பது எளிய குறிகளால் வடிவம் கொடுக்கும் எழுத்து முறை. கிட்ஹப் பாணி மார்க்டவுனில் இப்படி ஒரு அட்டவணை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

    | பெயர் | மதிப்பு | மேலும் |
    |---|---|---|
    | முறை | `படி|எழுது` | [திற()](திற.எம்டி) |

மூன்றாவது நெடுவரிசையில் உள்ள இணைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அட்டவணையில் அது வராது. இரண்டாவது கட்டத்தில் கோட் குறிகளுக்குள் இருக்கும் செங்குத்துக் கோடு பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அட்டவணை இலக்கணம் அந்தக் குறிகளைப் பார்ப்பதற்கு முன்பே கோட்டை வைத்து வெட்டிவிடுகிறது. வரிசையில் இப்போது நான்கு கட்டங்கள்: 'முறை', பாதிக் கோட், மீதிக் கோட், இணைப்பு. தலைப்பில் மூன்றுதான் இருப்பதால் கூடுதலாக வந்த நான்காவது ஓசையில்லாமல் கழித்துக்கட்டப்படும். விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. எச்சரிக்கை கிடையாது. லாக்கை எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது.

மருந்து ஒரே எழுத்து: கோட் குறிகளுக்கு உள்ளேயும் கோட்டுக்கு முன்னால் பின்சாய்கோடு போடுவது.

    | முறை | `படி\|எழுது` | [திற()](திற.எம்டி) |

ஆக, இணைப்பு உடைந்திருக்கும் கட்டத்தை மட்டும் முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதே வரிசையில் அதற்கு இடப்பக்கம் உள்ள கட்டங்களைப் பாருங்கள். குற்றவாளி அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

டாக்ஸிஜெனில் இதற்கு இன்னொரு திருப்பம் உண்டு. அதன் மார்க்டவுன் அட்டவணையில் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து வரும் இரண்டு கோடுகள் என்றால் கட்டங்களை ஒன்றாக இணை என்று பொருள். '^' மட்டும் இருக்கும் கட்டம் மேலே உள்ளதோடு சேர்ந்துவிடும். சி++ ஆபரேட்டர்களைப் பட்டியலிடும் அட்டவணையில் '||' என்ற 'அல்லது' ஆபரேட்டரும் '^' ஆபரேட்டரும் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாதிரி அட்டவணையை எச்டிஎம்எல் குறிகளால் எழுதிவிடுவது நல்லது. டாக்ஸிஜென் அந்தக் குறிகளுக்குள்ளும் தன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும்.

மற்ற மார்க்டவுன் கருவிகளில் எச்டிஎம்எல் அட்டவணை அவ்வளவு தோதுப்படாது. பைத்தான்-மார்க்டவுன், அதாவது எம்கேடாக்ஸின் அடியில் ஓடும் இயந்திரம், எச்டிஎம்எல் தொகுதிக்குள் இருக்கும் மார்க்டவுனைத் தொடாது; அதற்கான நீட்டிப்பை இயக்கி, அந்தக் குறியில் மார்க்டவுன் பண்பையும் சேர்க்க வேண்டும். காமன்மார்க் என்ற மார்க்டவுன் விதிமுறையின் வழிவந்த கருவிகளில், குறிக்குப் பின் ஒரு வெற்று வரி விட்டால் மறுபடி மார்க்டவுன் ஓடத் தொடங்கும். சரி, நேரடியாக எச்டிஎம்எல் இணைப்பையே எழுதிவிடலாமே என்றால் அதிலும் பொறி இருக்கிறது. மார்க்டவுன் இணைப்பில் உள்ள கோப்புப் பெயரை எம்கேடாக்ஸ் சரியான முகவரியாக மாற்றித்தரும். பச்சை எச்டிஎம்எல்லில் அந்த மாற்றம் நடக்காது. இயல்பு அமைப்பில் ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்புறையாக மாறுவதால் உங்கள் முகவரி ஒரு படி தள்ளிப்போய் 404-இல் முடியும்.

ஸ்ஃபிங்க்ஸ் பயன்படுத்தும் எழுத்து முறையான ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டில் சிக்கல் வேறு மாதிரி. கோடு கட்டி வரையும் அட்டவணையில் அகலம்தான் எல்லாம். பெயர் இரண்டு எழுத்து நீண்டால் ஓரம் இடிக்கும். அதுவும் தமிழில் எழுதினால் எடிட்டரில் கண்ணுக்குத் தெரியும் அகலமும் நிரல் எண்ணும் எழுத்துகளும் ஒத்துப்போகாது. நேராகத் தெரியும் அட்டவணை பிழை என்று திரும்பி வரும். காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி அட்டவணையில் இணைப்பின் தலைப்பிலோ ஃபங்ஷனின் அளபுருக்களிலோ காற்புள்ளி இருந்தால் கட்டம் அங்கேயே இரண்டாகும். மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், குறுக்கு இணைப்புள்ள அட்டவணை எதுவானாலும் பட்டியல் அட்டவணையாக, 'லிஸ்ட்-டேபிள்' வடிவில், எழுதிவிடுங்கள். பார்க்க அழகில்லை, நீளமும் அதிகம். ஆனால் அதில் வெட்டுக்கத்தியே கிடையாது.

இன்னொன்று: ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டில் இணைப்புக் குறியீட்டின் இரு பக்கமும் இடைவெளியோ நிறுத்தற்குறியோ இருக்க வேண்டும். தமிழில் எழுதும்போது இது அடிக்கடி மீறப்படுகிறது. ':ரெஃப்:`நிறுவல்`ஐப் பார்க்க' என்று வேற்றுமை உருபை ஒட்டவைத்தால் இணைப்பு பச்சையாகத் தெரியும். நடுவில் ஒரு பின்சாய்கோடும் இடைவெளியும் போட்டால் ஒட்டியபடியே அச்சாகும், இணைப்பும் பிழைக்கும்.

படி 4: ஆளைக் காணோம்

பெயர் கிடைக்காததற்கு முதல் காரணம், அந்தப் பொருள் ஆவணத்தில் இல்லாமலே இருப்பது. டாக்ஸிஜெனில் விளக்கக் குறிப்பு எழுதப்படாத ஃபங்ஷனுக்கு இயல்பில் இணைப்பு கிடையாது. ஸ்ஃபிங்க்ஸ் தானே கட்டும் சுருக்கப் பட்டியலான ஆட்டோசம்மரி அட்டவணையில் டாக்ட்ரீ தெரிவைக் கொடுக்காவிட்டால் தனிப்பக்கங்கள் உருவாகாது. அந்தப் பொருள்கள் வேறெங்கும் விவரிக்கப்படாதபட்சத்தில் பெயர்கள் அணிவகுத்து நிற்கும், ஒன்றையும் சொடுக்க முடியாது. அட்டவணையையே குறிவைக்கும் இணைப்புக்கும் இதே கதிதான்: அட்டவணைக்கு மேலே லேபிள் போட்டிருந்தாலும் தலைப்பு இல்லை என்றால், இணைப்புக்கு என்ன எழுத்தைக் காட்டுவது என்று ஸ்ஃபிங்க்ஸுக்குத் தெரியாது. தலைப்பு கொடுங்கள், அல்லது இணைப்பிலேயே காட்டவேண்டிய சொற்களை எழுதுங்கள். எண்ணால் சுட்டும் 'நம்ரெஃப்' வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் 'நம்ஃபிக்' இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சூழல். இதுதான் அட்டவணைக்கே உரிய நோய். ஒரு கிளாஸின் குறிப்புக்குள் 'திற()' என்று எழுதினால், அந்த கிளாஸின் 'திற' என்று கருவி தானே புரிந்துகொள்ளும். அதே வாக்கியம் சுருக்கமாக வெட்டப்பட்டு, வேறொரு பக்கத்தில் உள்ள பட்டியல் அட்டவணைக்குப் போகிறது. அங்கே அந்தச் சூழல் இல்லை. எந்த 'திற'? கிடைக்காமல் போகலாம், அதைவிட மோசமாக வேறொரு கிளாஸின் 'திற' கிடைத்துவிடலாம். முழுப் பெயரை எழுதுவதுதான் தீர்வு. அட்டவணை நீண்டுவிடுமே என்றால் ஸ்ஃபிங்க்ஸில் முழுப் பெயருக்கு முன்னால் '~' போடுங்கள். தேடுவது முழுப் பெயரை, காட்டுவது கடைசித் துண்டை மட்டும்.

இதன் உடன்பிறப்பு ஒன்று: சுருக்க அட்டவணைக்குப் போவது விளக்கக் குறிப்பின் முதல் வாக்கியம் மட்டுமே. அந்த வாக்கியத்தில் ஒரு இணைப்பின் பெயரும், குறிப்பின் அடியில் அதன் முகவரியும் இருந்தால், பெயர் மட்டும் அட்டவணைக்குப் பயணப்படும், முகவரி ஊரிலேயே தங்கிவிடும். "இப்படி ஒரு இலக்கு தெரியாது" என்ற பிழை, நீங்கள் எழுதவே எழுதாத ஒரு பக்கத்திலிருந்து வந்தால் இதைச் சந்தேகியுங்கள். முதல் வாக்கியத்தில் முகவரி பிரிந்து நிற்கும் இணைப்பும் அடிக்குறிப்பும் வேண்டவே வேண்டாம்.

வெளி ஆவணங்களுக்குப் போகும் இணைப்புகளை ஸ்ஃபிங்க்ஸ் ஒரு சரக்குப் பட்டியல் கோப்பை வைத்தும், டாக்ஸிஜென் டேக் கோப்பை வைத்தும் தேடுகின்றன. ஸ்ஃபிங்க்ஸின் பட்டியல் சுருக்கப்பட்ட வடிவில் இருப்பதால் நேரடியாகப் படிக்க வராது. இன்டர்ஸ்ஃபிங்க்ஸ் தொகுதியையே ஒரு நிரலாக ஓட்டி அந்தக் கோப்பைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் எல்லாப் பெயர்களையும் வகையோடு கொட்டும். நீங்கள் ஃபங்ஷன் என்று கூப்பிட்டது அங்கே மெத்தட் என்று பதிவாகியிருக்கலாம். ஊகித்து ஊகித்து மாற்றுவதைவிட இதைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

படி 5: முகவரி நகர்ந்துவிட்டது

கையால் எழுதிய முகவரிகள் அட்டவணையில் இருந்தால் இந்தப் படியில் வேலை அதிகம். டாக்ஸிஜென் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தரும் ஆங்கர், 'ஏ' (a) என்ற எழுத்தும் அதன்பின் 32 இலக்க ஹாஷும் (கணக்கிட்டுப் பெறும் குறியீடு). ஃபங்ஷனின் வடிவம் மாறினால், ஒரு அளபுரு கூடினாலே, ஹாஷும் மாறும். முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து அட்டவணையில் ஒட்டியவர்களின் இணைப்புகள் அத்துடன் காலி. ஜாவாடாக்கிலும் இந்த வரலாறு உண்டு: ஜேடிகே 7 வரை மெத்தட் ஆங்கரில் அடைப்புக்குறிகளும் இடைவெளியும் இருந்தன, 8, 9 பதிப்புகளில் எல்லாம் சிறுகோடாக மாறின, 10-இலிருந்து மறுபடி அடைப்புக்குறிகள் வந்தன, இடைவெளி மட்டும் இல்லை. ஜாவாவை உயர்த்திய அன்று அட்டவணை இணைப்புகள் மொத்தமாகப் படுத்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

தமிழில் தலைப்பு எழுதுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்ஃபிங்க்ஸ் தலைப்பிலிருந்து ஆங்கர் செய்யும்போது ஆங்கில எழுத்தல்லாதவற்றைத் தள்ளிவிடும். முழுத் தலைப்பும் தமிழ் என்றால் மிஞ்சுவது 'ஐடி1', 'ஐடி2' என்ற வரிசை எண்தான். பைத்தான்-மார்க்டவுனும் இயல்பில் '_1', '_2' என்றே தரும். நடுவில் ஒரு தலைப்பைச் செருகினால் கீழே உள்ள எல்லா எண்களும் ஒன்று நகரும். இணைப்பு உடையாது, ஆனால் தவறான பகுதிக்குப் போகும். எந்தச் சோதனைக் கருவியும் இதைப் பிடிக்காது. ஒவ்வொரு தலைப்புக்கும் கையால் ஒரு லேபிள் கொடுத்துவிடுங்கள்.

எழுத்தின் அளவும் காலை வாரும். விண்டோஸும் மேக்கும் இயல்பில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை. லினக்ஸ் சர்வர் பார்க்கும். டாக்ஸிஜென் இதற்கேற்பக் கோப்புகளுக்கே வேறு பெயர் வைக்கும், பெரிய எழுத்து கூடாத இடத்தில் முன்னால் ஒரு '_' சேர்த்துச் சின்ன எழுத்தாக மாற்றிவிடும். உங்கள் கணினியில் வேலைசெய்து சர்வரில் உடைவது பெரும்பாலும் இதனால்தான். 'கேஸ்_சென்ஸ்_நேம்ஸ்' அமைப்பை ஒரே மதிப்பில் நிறுத்திவைத்தால் போதும்.

படி 6: அட்டவணையை எழுதும் ஸ்கிரிப்ட்

பெரிய திட்டங்களில் அட்டவணையை மனிதர்கள் எழுதுவதில்லை. ஒரு சிஎஸ்வியோ யாம்லோ தரவுக் கோப்பாக இருக்கும், யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் அதை அட்டவணையாக மாற்றும். வரிசைகளைத் திருத்திப் பயனில்லை, ஸ்கிரிப்டைத்தான் திருத்த வேண்டும்.

அதில் முதலில் தேட வேண்டியது, முகவரியைத் தானே கட்டும் வரி. கோப்புப் பெயர், '#', ஃபங்ஷன் பெயர் என்று சரங்களை ஒட்டும் வரி கண்ணில் பட்டால் அதை எடுத்துவிட்டு, கருவியின் சொந்த இணைப்புக் குறியீட்டை எழுதும்படி மாற்றுங்கள். முகவரி கண்டுபிடிப்பது கருவியின் வேலை. அப்புறம், கட்டத்துக்குள் போகும் ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு ஃபங்ஷன் வழியாகப் போகட்டும்: செங்குத்துக் கோட்டுக்கு முன் பின்சாய்கோடு, வரி முறிவு இருந்தால் இடைவெளி. ஏற்கனவே பின்சாய்கோடு இருந்தால் இரண்டாவது முறை போடக்கூடாது. விளக்கத்தை இத்தனை எழுத்து என்று வெட்டும் வரி இருந்தால் அது இணைப்பின் நடுவிலும் வெட்டும். சொல் எல்லையில் வெட்டினால்கூடப் போதாது, இணைப்பை நீக்கிய பிறகு வெட்டுங்கள், அல்லது வெட்டவே வேண்டாம்.

பெயர் கிடைக்காதபோது ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் பெயரை வெறும் எழுத்தாக எழுதிவிட்டு நகர்ந்துவிடும். எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அந்த ஒரு வரிதான் உங்கள் ஆவணத்தை மெல்ல மெல்ல ஊமையாக்குகிறது. அங்கே பிழை எறிந்து நிற்கச் சொல்லுங்கள், எந்த வரிசை, எந்தப் பெயர் என்ற விவரத்தோடு.

படி 7: மறுபடி நுழையாமல் கதவைச் சாத்துதல்

எச்சரிக்கை வந்தால் பில்ட் தோற்க வேண்டும். ஸ்ஃபிங்க்ஸில் பெரிய எழுத்து 'டபிள்யூ' கொடி. 8.1-க்கு முந்தைய பதிப்பு என்றால் கூடவே 'கீப்-கோயிங்' கொடுங்கள், முதல் பிழையிலேயே நிற்காமல் எல்லாவற்றையும் காட்டிவிட்டுத் தோற்கும்; 8.1 முதல் இயல்பே அதுதான். டாக்ஸிஜெனில் 'வார்ன்_அஸ்_எரர்', எம்கேடாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்'. ரஸ்ட் மொழியின் ஆவணக் கருவியான ரஸ்ட்டாக்கில் ஆவணத்துக்குள் பெயரால் இணைக்கும் வசதி 2020இல் 1.48 பதிப்பில் நிலைபெற்றது. உடைந்த இணைப்புக்கான லின்ட் (தானியங்கிச் சோதனை) இயல்பில் எச்சரிக்கையாகத்தான் இருக்கும், அதைத் தடையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மார்க்டவுனின் வெட்டுக்கத்தி வகைச் சிக்கல் எந்த லாக்கிலும் வராது என்பதால் அதற்குத் தனிச் சோதனை வேண்டும். மார்க்டவுன் கோப்புகளில் அட்டவணை வரிசைகளைப் படித்து, பின்சாய்கோடு இல்லாத கோடுகளை எண்ணி, தலைப்பு வரிசையின் எண்ணிக்கையோடு ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். உருவான எச்டிஎம்எல் மேலும் ஒரு இணைப்புச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள். '#' பகுதியையும் சோதிக்கும் தெரிவு தனியாக இருக்கும், அதை இயக்க மறக்காதீர்கள்.

பழைய திட்டத்தில் இதையெல்லாம் ஒரே நாளில் இயக்கினால் யாருடைய மாற்றமும் உள்ளே போகாது, எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள். இப்போது உடைந்திருக்கும் பெயர்களை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஸ்ஃபிங்க்ஸில் அதற்கு 'நிட்பிக்_இக்னோர்' இருக்கிறது. ஒரே வார்ப்பால் பல பெயர்களைப் பிடிக்கும் ரெகெக்ஸ் வடிவமும் உண்டு, ஆனால் அதைக் கூடியவரை தவிருங்கள். அகலமாக எழுதிய ஒரே வரி நாளைய பிழைகளையும் சேர்த்து விழுங்கிவிடும். பட்டியலில் புதிய பெயர் சேர்க்க வேண்டுமானால் அருகில் காரணம் எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றிய பக்கங்களின் பழைய முகவரிகளை வெளியிலிருந்து யாராவது பிடித்து வைத்திருப்பார்கள். அவற்றுக்கு சர்வரில் திசைதிருப்பல் போடலாம். '#' பகுதிக்கு அது முடியாது, பழைய ஆங்கரையும் புதியதற்குப் பக்கத்திலேயே சோர்ஸில் விட்டுவைப்பதுதான் வழி. ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டில் ஒரே தலைப்புக்கு மேல் இரண்டு லேபிள்களை அடுத்தடுத்து எழுதினால் இரண்டும் வேலைசெய்யும்.